எஞ்சினுக்குப் பெயர், மனிதருக்கு எண்: தென் ஆப்பிரிக்க நீராவி இருப்புப்பாதைகளின் வரலாறு

புகையைக் கண்டு பெயரிட்டது தமிழ், 'புகைவண்டி' என்றது. தென் ஆப்பிரிக்காவின் சூலு மொழி நீராவியைக் கொண்டு பெயரிட்டது. 'ஸ்டீமர்' என்னும் ஆங்கிலச் சொல் சூலு மக்களின் நாவில் 'இசிதிமேலா' என்று ஆயிற்று. இன்று அந்நாட்டின் முதன்மைப் பாதைகளில் மின்சாரமும் டீசலுமே வண்டிகளை இழுக்கின்றன. ஆயினும் வண்டியின் பெயர் இசிதிமேலாதான். ஓடி ஓய்ந்த இயந்திரம் ஒன்று மொழிக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மொழியில் மட்டுமன்று, மனித நெஞ்சங்களிலும் அது ஓடுகிறது. அந்த நினைவு ஒரு தன்மைத்தன்று. நீராவி எஞ்சினைக் கலைப்பொருளாகப் போற்றி, அதன் எண்ணையும் பிறந்த ஆண்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் ஆர்வலர்களின் நினைவு ஒன்று. அதே எஞ்சினுக்குக் கரி வெட்டியோர், பாதை போட்டோர், அது இழுத்த பெட்டிகளில் நெருக்குண்டு சென்றோர் ஆகியோரின் நினைவு மற்றொன்று. முன்னது நூல்களிலும் படங்களிலும் நிறைந்து கிடக்கிறது. பின்னது பெரும்பாலும் பாட்டிலும் வாய்மொழியிலுமே தங்கியது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போதுதான் தென் ஆப்பிரிக்க நீராவியின் வரலாறு முழுமை பெறுகிறது.

கடற்கரையில் தொடக்கம்

1860ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், நேட்டால் குடியேற்றத்தின் டர்பன் நகரில், துறைமுக முனையிலிருந்து சந்தைத் திடல் வரை சுமார் 3 கிலோமீட்டர் தொலைவுக்கு வண்டி ஓடியது. தென் ஆப்பிரிக்காவில் பொதுமக்களுக்கென ஓடிய முதல் வண்டி அதுவே. அதை இழுத்த எஞ்சினின் பெயர் 'நேட்டால்'. மேற்கே கேப் டவுனில், பாதை அமைக்கும் பணிக்காக ஸ்காட்லாந்தின் லீத் நகரிலிருந்து 'பிளாக்கி' என்னும் சிறிய எஞ்சின் 1859இலேயே வந்திறங்கியிருந்தது. அங்கிருந்து வெலிங்டன் வரையிலான பாதை 1863இல் நிறைவுற்றது.

டர்பனில் வண்டி ஓடத் தொடங்கி ஐந்து திங்கள் நிறைவதற்குள் மற்றொரு வருகை நிகழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் அத்துறைமுகத்தில் நங்கூரமிட்டது. அதில் வந்த 342 பேரும் ஒப்பந்தக் கூலிகள். கரும்புத் தோட்டங்களுக்கென்று தொடங்கிய அந்த ஏற்றுமதி 1911 வரை நீடித்தது. வந்தோர் தொகை 1,52,184. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

நேட்டால் அரசு 1877இல் இருப்புப்பாதையைத் தன் பொறுப்பில் ஏற்றது. பாதை மேட்டுநிலம் நோக்கி ஏறி, 1880இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை அடைந்தது. கரும்பு ஆலைகளைப் போன்றே நேட்டால் அரசு இருப்புப்பாதையும் ஒப்பந்தக் கூலிகளை அமர்த்திக்கொண்டது. சல்லி கொட்டுதல், கட்டைகளை மாற்றுதல், மண்சரிவை அள்ளுதல் ஆகிய பணிகளைச் செய்தவர்களில் தஞ்சாவூர், வடஆற்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து சென்றோரும் இருந்தனர். அவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த வரிசை வீடுகள் டர்பனில் 'ரயில்வே பாரக்ஸ்' என்றே வழங்கப்பட்டன.

வைரமும் பொன்னும்

கடற்கரையோரம் தயங்கி நின்ற பாதைகளை உள்நாட்டுக்கு இழுத்தவை வைரமும் பொன்னுமே. கிம்பர்லி வட்டாரத்தில் வைரம் கிடைத்ததும், கேப் அரசு மலைத்தொடர்களைக் கடந்து பாதை போட முனைந்தது. செங்குத்தான மலைகளில் அகலப் பாதை போடுவது பெருஞ்செலவு. எனவே 3 அடி 6 அங்குல அகலமுடைய குறுகிய பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. 'கேப் கேஜ்' என்று உலகெங்கும் பின்னர் வழங்கிய அளவு இதுவே. 1885இல் வண்டி கிம்பர்லியை எட்டியது. மறு ஆண்டே விட்வாட்டர்ஸ்ராண்டில் பொன் கண்டறியப்பட, மூன்று திசைகளிலிருந்து பாதைகள் ஜோகன்னஸ்பர்க்கை நோக்கிப் பாய்ந்தன. கேப் பாதை 1892இலும், மொசாம்பிக் கடற்கரையிலிருந்து வந்த டெலகோவா விரிகுடாப் பாதையும் நேட்டால் பாதையும் 1895இலும் பொன்வயலோடு இணைந்தன.

வடக்கே, கேப் டவுனையும் கெய்ரோவையும் தண்டவாளத்தால் பிணைக்கக் கனவு கண்டார் செசில் ரோட்ஸ். 1897இல் பாதை புலவாயோவை அடைந்தது. விக்டோரியா அருவியின் திவலைகள் வண்டியின்மீது தெறிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பர். 1905இல் அவ்வருவியின் அருகே பாலம் திறக்கப்பட்டபோது ரோட்ஸ் உயிருடன் இல்லை. அவருடைய கனவும் கெய்ரோவை எட்டவில்லை.

1893ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் இரவு டர்பனிலிருந்து மலையேறிய வண்டியொன்றில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியின் வாழ்வில் அவ்விரவு பெற்ற இடத்தை விளக்க வேண்டியதில்லை. முதல் வகுப்பில் அமர முனைந்த ஒருவருக்கு நேர்ந்ததை உலகம் அறிந்தது. அவர் சென்ற தண்டவாளத்தை நாள்தோறும் செப்பனிட்ட இந்தியக் கூலிகள் எந்த வகுப்பிலும் சீட்டுக் கேட்கும் நிலையில் இல்லாதவர்கள்.

நீரற்ற நிலத்தில் நீராவி

1910இல் ஒன்றியம் அமைந்ததும் மாநில நிறுவனங்கள் ஒன்றாகித் தென் ஆப்பிரிக்க ரயில்வே பிறந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் அக்குறுகிய பாதையின்மீது ஓடிய எஞ்சின்கள், அகலப் பாதை நாடுகளின் எஞ்சின்களுக்கு ஆற்றலில் இளைக்கவில்லை. இதுவே பொறியியலார் வியக்கும் செய்தி.

எடை மிகுந்த வண்டியைக் கூர்மையான வளைவுகளில் மலைமேல் ஏற்றுவது எப்படி? இதற்கு விடையாக வந்தது 'காரட்' வகை எஞ்சின். ஹெர்பர்ட் வில்லியம் காரட் என்பவரின் கருத்தை மான்செஸ்டர் நகரின் பேயர் பீகாக் நிறுவனம் வடித்தெடுத்தது. இதில் கொதிகலன் நடுவே ஒரு சட்டத்தில் தாங்கி நிற்கும். முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள் இருக்கும். முன் தொகுதியின்மேல் நீர்த்தொட்டி, பின் தொகுதியின்மேல் கரி. இரு தொகுதிகளும் தனித்தனியே திரும்புவதால், நீண்ட எஞ்சினும் வளைவில் பாம்புபோல் நெளிந்து செல்லும். எடை பல அச்சுகளில் பரவுவதால் மெலிந்த தண்டவாளமும் தாங்கும். தென் ஆப்பிரிக்காவும் ரொடீசியாவும் இவ்வகை எஞ்சின்களின் தாயகம் போலாயின.

இன்னொரு சிக்கல் நீர். நீராவி எஞ்சின் கரியைவிட நீரையே மிகுதியாகக் குடிக்கும். கேப் டவுனிலிருந்து வடகிழக்கே செல்லும் பாதையோ கரூ என்னும் வறண்ட நிலத்தைக் கடக்க வேண்டும். 1953 முதல் அங்கே இயங்கத் தொடங்கிய 25ஆம் வகுப்பு எஞ்சின்கள் இதற்கு வழி கண்டன. ஜெர்மனியின் ஹென்ஷெல் நிறுவனம் வகுத்த முறைப்படி, பயன்பட்ட நீராவி வெளியே வீணாகாமல் பின்னாலுள்ள நீண்ட டெண்டருக்குச் செல்லும். அங்குள்ள விசிறிகளால் குளிர்ந்து மீண்டும் நீராகி, கொதிகலனுக்கே திரும்பும். 90 விழுக்காடு வரை நீர் மிச்சமாயிற்று. புகைபோக்கி வழியே நீராவி வெடித்து வெளியேறாமையால், 'சுக் சுக்' என்னும் வழக்கமான ஓசையும் அந்த எஞ்சின்களுக்கு இல்லை. விசிறிச் சுழலியின் நீண்ட முனகலோடு அவை கரூவைக் கடந்தன. இத்தகையவை 90, இந்த நுட்பமில்லாமல் அதே வடிவில் வந்தவை 50.

நீராவியின் இறுதி அத்தியாயமும் இந்நாட்டிலேயே எழுதப்பட்டது. டேவிட் வார்டேல் என்னும் பொறியாளர், அர்ஜென்டினாவின் போர்ட்டா வகுத்த எரிப்பு முறையைத் தழுவி, கேப் டவுனின் சால்ட் ரிவர் பணிமனையில் 25ஆம் வகுப்பு எஞ்சின் ஒன்றைத் திருத்தியமைத்தார். 1981இல் செந்நிறம் பூசி வெளிவந்த அவ்வெஞ்சின் கரியிலும் நீரிலும் கணிசமான சிக்கனம் காட்டியது. ஆர்வலர்கள் அதைச் 'செம்பூதம்' என்ற பொருளில் 'ரெட் டெவில்' என்றனர். அதன் பெயர்ப்பலகையோ போர்ட்டாவின் பெயரைத் தாங்கியது. திறமை நிறுவப்பட்டது, காலம் கடந்துவிட்டிருந்தது. அதைப் பின்பற்றி வேறு எஞ்சின்கள் திருத்தப்படவில்லை.

ஆர்வலர்களின் வருகை

பிரிட்டனின் தேசிய இருப்புப்பாதையில் வழக்கமான நீராவி வண்டிகள் 1968 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தன. மேற்கு ஜெர்மனியில் 1977இல் முடிவுற்றன. தென் ஆப்பிரிக்காவில் அது தழைத்திருந்ததற்குக் காரணம் பொருளியலே. அந்நாட்டில் கரி ஏராளம், எண்ணெய் அரிது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்க மறுத்தபின் கரியின் மதிப்பு மேலும் உயர்ந்தது. தனித்தியங்க முனைந்து பொருளாதாரத் தடைக்கு உள்ளான ரொடீசியாவிலும் இதே நிலை. உலகம் ஒதுக்கிவைத்த இனவெறி ஆட்சியே நீராவிக்குப் புகலிடமாக அமைந்தது வரலாற்றின் முரண்.

அந்தப் புகலிடத்தைத் தேடி இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆர்வலர்கள் வந்தனர். கிம்பர்லிக்கும் டி ஆருக்கும் இடைப்பட்ட நேர்ப்பாதை அவர்களுக்குத் திருத்தலமாயிற்று. விடியலில் குளிர்ந்த காற்றில் வெண்ணிற நீராவி எழுந்து நிற்கும் காட்சிக்காக அவர்கள் புல்வெளியில் மணிக்கணக்கில் காத்திருந்தனர். லூயிஸ், யோர்கென்சன் ஆகிய இருவர் 1978இல் வெளியிட்ட 'தி கிரேட் ஸ்டீம் ட்ரெக்', டுராண்ட் 1989இல் வெளியிட்ட 'தி ட்வைலைட் ஆஃப் சவுத் ஆஃப்ரிக்கன் ஸ்டீம்', வார்டேலின் தன்வரலாறு போன்ற 1998ஆம் ஆண்டு நூல் ஆகியவை அந்த ஈடுபாட்டின் விளைவுகள்.

இந்த ஈடுபாட்டை எள்ளுவது எளிது, தகுதியன்று. ஓர் எஞ்சின் எந்த ஆலையில் எந்த ஆண்டில் பிறந்தது, எந்த ஷெட்டில் பணியாற்றியது, எப்போது உடைக்கப்பட்டது என்பனவற்றை அரசு அலுவலகங்களினும் செம்மையாகக் குறித்து வைத்தவர்கள் இவர்களே. பழைய இரும்பாய் உருகவிருந்த எஞ்சின்களைத் தம் கைப்பொருள் செலவிட்டு மீட்டவர்களும் இவர்களே. ஃபிக்ஸ்பர்க் அருகே சாண்ட்ஸ்டோன் பண்ணையில் இரண்டடிப் பாதை எஞ்சின்கள் புத்துயிர் பெற்றதும், ஜெர்மிஸ்டனிலும் பிரிட்டோரியாவிலும் ஆர்வலர் சங்கங்கள் விடுமுறை நாள்களில் வண்டி ஓட்டியதும் அவர்களின் உழைப்பால்தான். மான்செஸ்டரில் பேயர் பீகாக் கட்டிய கடைசிக் காரட், 143 என்னும் எண்ணுடையது, 1958இல் ஆப்பிரிக்கா சென்றது. இன்று வேல்ஸ் நாட்டு மலைப்பாதையில் அதற்கு வாழ்வு கிடைத்திருக்கிறது. 1945இல் கிளாஸ்கோவில் உருவான 15எஃப் வகுப்பு எஞ்சின் 3007, உழைத்து ஓய்ந்தபின் பிறந்த ஊருக்கே திரும்பி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இரவு வண்டிகள்

மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பொன்சுரங்கங்களுக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களைக் கொண்டுவந்தது நீராவி. மொசாம்பிக், லெசோத்தோ, மலாவி எனத் திசையெங்கும் ஆள்பிடிக்கும் நிறுவனங்கள் இயங்கின. மொசாம்பிக் எல்லையிலுள்ள ரெசானோ கார்சியாவிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கை நோக்கி ஓடிய தொழிலாளர் வண்டிகளைப் பற்றி வரலாற்றாசிரியர் சார்லஸ் வான் ஆன்சலன் 2019இல் தனி நூலே எழுதினார். அவ்வண்டிகள் பெரும்பாலும் இரவில் ஓடின. போகும்போது வலுவுள்ள இளைஞர்களையும், திரும்பும்போது நுரையீரல் கெட்டவர்களையும் உறுப்பிழந்தவர்களையும் அவை சுமந்தன. 1949 நவம்பரில் வாட்டர்வால் போவன் அருகே அத்தகைய வண்டியொன்று பாலத்திலிருந்து கவிழ்ந்து பலர் மாண்டனர்.

அந்த அனுபவம் பாட்டாயிற்று. இன்றைய சிம்பாப்வேயிலிருந்து வேலை தேடிச் சென்ற தொழிலாளர்கள் பாடிய 'ஷோஷோலோசா', கூட்டாக மண்வெட்டி ஓச்சும் தாளத்தில் அமைந்த வண்டிப்பாட்டு. 1995இல் ரக்பி உலகக் கோப்பையின்போது அது ஒரு நாட்டின் பாட்டாகவே ஒலித்தது. எக்காளக் கலைஞர் ஹியூ மசகேலா 1974இல் பதிவு செய்த 'ஸ்டிமேலா', கரிவண்டியில் வரும் தொழிலாளர்களின் நாடுகளை ஒவ்வொன்றாக அழைத்துச் சொல்கிறது. ஆர்வலர் நெஞ்சை உருக்கும் அதே ஊதல் ஒலி இப்பாட்டில் பிரிவின் ஓலமாகக் கேட்கிறது. ஒலி ஒன்று, கேட்ட இடங்கள் வேறு.

தமிழர் தொடர்பும் இங்கே மீண்டும் தோன்றுகிறது. நேட்டாலின் வடபகுதிச் சுரங்கங்களில் கரி வெட்டியவர்களிற் கணிசமானோர் இந்திய ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியோர்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் தலைவரியை எதிர்த்து, 1913 அக்டோபரில் நியூகாசில் கரிச்சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தம்பி நாயுடுவும் டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்களும் சுரங்கத்துக்குச் சுரங்கம் சென்று தொழிலாளரைத் திரட்டினர். அப்போராட்டத்தில் சிறைபுகுந்த தில்லையாடி வள்ளியம்மை பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலையானபின் 1914 பிப்ரவரி 22இல் மறைந்தார். அவ்வாண்டே வரி நீங்கியது.

பெயரும் எண்ணும்

1924இல் அமைந்த ஹெர்ட்சாக் அரசு 'நாகரிகத் தொழிலாளர்' கொள்கை என்ற பெயரில் ஏழை வெள்ளையர்க்கு ரயில்வேயில் இடமளித்தது. எஞ்சின் ஓட்டுவது நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரிய பணியாக இருந்தது. சாம்பல் வாருதலும் கரி இறக்குதலும் பாதை காத்தலும் கறுப்பினத்தவர் பங்கு. கிம்பர்லி, டி ஆர் ஷெட்களில் ஒவ்வோர் எஞ்சினும் குறிப்பிட்ட ஓட்டுநரின் பொறுப்பில் விடப்பட்டது. அவர் தம் எஞ்சினின் பித்தளையைத் துலக்கி, மனைவி மக்களின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தார். அவ்வன்பு மெய்யானது, உழைப்பாளி தன் கருவியின்மேல் வைக்கும் பற்று அது.

அதே வேளையில் மனிதர்க்கு வழங்கப்பட்டவை எண்கள். நேட்டாலில் இறங்கிய ஒவ்வோர் ஒப்பந்தக் கூலிக்கும் ஓர் எண் உண்டு. கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணை அடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர் என வரிசை நீளும். ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தவாறு எழுதப்பட்ட அப்பெயர்கள் பலவும் சிதைந்து நிற்கின்றன. ஊதியமும் தண்டனையும் விடுதலையும் எண்ணைக் கொண்டே குறிக்கப்பட்டன. இரும்புக்குப் பெண்ணின் பெயர் வாய்த்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் இரும்புக்குரிய எண் வாய்த்தது.

எனினும் அந்த எண்ணே பிற்காலத்தில் வழிகாட்டியாயிற்று. தென் ஆப்பிரிக்கத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பாட்டனாரின் எண்ணைக் கொண்டு பதிவேட்டைத் தேடி, சிதைந்த எழுத்துகளுக்குள் ஓர் ஊரின் பெயரைக் கண்டெடுக்கின்றனர். எஞ்சினின் எண்ணைக் கொண்டு அதன் பிறப்பையும் வாழ்வையும் மீட்டெடுக்கும் ஆர்வலரின் முறையும் இதுவே. இரு தேடல்களுக்கும் வேண்டுவது ஒரே பொறுமை, ஒரே பற்று. எஞ்சின்மீது காட்டப்பட்ட அக்கறையில் ஒரு பங்கு, அந்த எஞ்சினைச் சூழ உழைத்தோர்மீதும் காட்டப்பட்டிருந்தால் எத்தனையோ பெயர்கள் இன்று நமக்குக் கிடைத்திருக்கும்.

எஞ்சி நிற்பவை

முதன்மைப் பாதைகளில் நீராவியின் ஆட்சி 1990களின் தொடக்கத்தில் முடிந்தது. நினைவுப் பொருளாக ஓடிய வண்டிகளும் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. ஜார்ஜ் நகரிலிருந்து நைஸ்னா வரை, கடலோரக் கைமன்ஸ் ஆற்றுப் பாலத்தின் வழியே ஓடிய 'ஔட்டெனிக்வா சூ-சூ' வண்டியின் பாதையை 2006ஆம் ஆண்டு வெள்ளம் சிதைத்தது. 2020இன் நோய்த்தொற்று ஊரடங்கின்போது நாடெங்கும் மின்கம்பிகளும் நிலையங்களின் இரும்பும் களவாடப்பட்டன. காப்பவர்களுக்கும் வயது ஏறிவிட்டது. கரியின் நிறத்தைக் கண்டே அதன் வெம்மையை மதிக்கவும், ஊதலின் சுருதியிலிருந்து கொதிகலனின் அழுத்தத்தை உணரவும் தெரிந்த கைகளும் காதுகளும் அருகி வருகின்றன.

டர்பனுக்கு மேலே, ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கை ஒட்டி இஞ்சங்கா வழியே செல்லும் பழைய நேட்டால் பாதையில், ஆர்வலர்கள் பல்லாண்டுகள் நீராவி வண்டி நடத்தினர். குடும்பங்கள் குழந்தைகளோடு அதில் ஏறி மகிழ்ந்தன. 1893இல் காந்தி சென்ற வண்டி மலையேறியதும் இவ்வழியாகத்தான். நேட்டால் அரசின் ஒப்பந்தக் கூலிகள் செப்பனிட்டதும் இந்த வழியைத்தான். ஒரே தண்டவாளத்தில் மூன்று வரலாறுகள் படிந்திருக்கின்றன. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்திக்கு நினைவுக் கல்வெட்டு உண்டு. பழைய எஞ்சின்களுக்கு அருங்காட்சியகங்கள் உண்டு. பாதை காத்தவர்களின் பெயர்கள் மட்டும் பதிவேட்டின் பக்கங்களிலேயே படுத்திருக்கின்றன, எடுத்துப் படிப்பாரை நோக்கி.